ஸ்கேன் சீட்டில் காரணத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேறுகாலத்தின் கடைசி மாதங்களில் கர்ப்பிணிகளின் கையில் கொடுக்கப்படும், குழந்தையின் வளர்ச்சியை அளக்கும் ‘குரோத் ஸ்கேன்’ சீட்டைப் பற்றி எழுத விரும்புகிறேன். கூடுதலாக ஒரு ஸ்கேன் எதற்கு என்று கேட்பதற்காக அல்ல. அந்த ஸ்கேன் தேவைதான் என்று நம்புகிறவள் நான். எதற்காக அனுப்புகிறோம் என்பதை அனுப்புகிறவர்கள் சொல்லாமல் விடுவதுதான் என் வருத்தம்.

என் மகள் தலைப்பிரசவத்துக்காக வளைகாப்பு முடிந்து திருப்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றில் பதிவு செய்த அன்று, கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டு, 34 வாரம் என்று கணக்கிட்டு எழுதிக்கொண்டார்கள். செவிலியர் அவளைப் படுக்கவைத்து, தையற்காரர் வைத்திருப்பது போன்ற நாடா ஒன்றை அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் மேல்விளிம்பு வரை பிடித்துப் பார்த்து, ‘30’ என்று உரக்கச் சொன்னார். மருத்துவர் ஒரு கணம் புருவத்தை உயர்த்தி, “குழந்தை கொஞ்சம் சின்னதா இருக்கு, ஸ்கேன் எடுத்துட்டு வாங்க” என்று சொல்லிச் சீட்டை நீட்டினார். ‘குரோத் ஸ்கேன் வித் டாப்ளர்’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் மருத்துவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஸ்கேன் மையத்தில் மூன்று நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மருமகன் திருப்பூரில் இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் தேடித் தேடி, எங்கோ குறைமாதத்தில் எடுக்கப்பட்ட குழந்தைகளின் கதைகளையெல்லாம் படித்துவிட்டு அழைத்தார். பக்கத்து வீட்டு அத்தை பேரீச்சம்பழமும் குங்குமப்பூவும் கொண்டுவந்தார். உறவுக்காரர் ஒருவர் இதெல்லாம் காசு பிடுங்கும் வேலை என்றார். அடிக்கடி கதிர் பட்டால் குழந்தைக்கு ஆகாது என்று இன்னொருவர் பயமுறுத்தினார். (ஸ்கேனில் இருப்பது ஒலியலை, எக்ஸ்ரேயில் இருப்பது போன்ற கதிர் அதில் இல்லை என்பதை நான் எத்தனை பேருக்குத்தான் சொல்வது?) இவற்றையெல்லாம் விட ஆபத்தான சொல் ஒன்றைச் சிரித்த முகத்தோடு சொன்னவர்களும் உண்டு: “சின்னக் குழந்தைன்னா நல்லதுதானே, சுகப்பிரசவம் ஆயிடும்.”

அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். 1993-இல் இதே மகளை நான் வயிற்றில் சுமந்தபோதும் வயிறு சிறிதாகத்தான் இருந்தது; எல்லோரும் பார்த்தார்கள், சுகப்பிரசவம் ஆகும் என்று மெச்சினார்கள். சுகப்பிரசவம்தான் ஆயிற்று. மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் எடை 1,900 கிராம். பத்தொன்பது நாள் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். யாரும் என் வயிற்றில் நாடாவை வைக்கவில்லை, எந்தச் சீட்டும் தரவில்லை. ஆகவே, கூடுதல் ஸ்கேன் என்றவுடன் முகம் சுளிக்கிற கூட்டத்தில் நான் சேர மாட்டேன்.

ஸ்கேன் மையத்தில் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ‘கருவின் பாலினம் இங்கே கண்டறிந்து சொல்லப்படுவதில்லை’ என்ற பலகை தலைக்கு மேலே தொங்கியது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருப்பது தெரிந்தும், இன்னொரு ஸ்கேன் என்றால் அதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிற கிழவிகள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே, ஸ்கேன் எடுத்த மருத்துவர் தலையின் குறுக்களவு, தலைச்சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் என்று ஒவ்வொன்றாகத் திரையில் கோடிட்டு அளந்தார். வயிற்றுச் சுற்றளவை மட்டும் மூன்று முறை அளந்தார். கடைசியில் திரையின் மூலையில் எடை வந்தது: 1,900 கிராம். அதே எண். எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மருத்துவர் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். “மூன்றாம் மாத ஸ்கேன் அறிக்கை இருக்கிறதா?” என்று கேட்டார். அது திருப்பூர் வீட்டுப் பீரோவில் இருந்தது. மருமகனை அழைத்து, அவர் பீரோவைத் திறந்து தேடி, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் வரை வெளியே காத்திருந்தோம். அதில்தான் விடை இருந்தது. கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்று போடுகிற கணக்கு, 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிற பெண்ணை வைத்துப் போடுவது. என் மகளுக்கு முப்பத்தெட்டு நாளாகும். மூன்றாம் மாத ஸ்கேனில் கருவின் தலையுச்சியிலிருந்து பிட்டம் வரை அளந்து, பேறுகாலத் தேதியைத் திருப்பூர் மருத்துவர் பத்து நாள் தள்ளிப் போட்டிருந்தார். எங்கள் ஊரில் அந்தத் திருத்தம் யாருக்கும் தெரியவில்லை. பழைய தேதியை வைத்தே 34 வாரம் என்று எழுதிவிட்டார்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்து அரசு தரும் பிக்மி எண்ணைச் சொன்னோம்தான், ஆனால் பீரோவில் இருந்த காகிதம் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடவில்லை.

அதன் பிறகு அந்த மருத்துவர் எங்களுக்குச் சொன்னதை நான் நினைவிலிருந்து தருகிறேன். 24 வாரத்துக்குப் பிறகு கருப்பையின் உயரம் எத்தனை சென்டிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம் என்பது கணக்கு. இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தாலோ கூடினாலோ ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். 34 வாரத்துக்கு 1,900 கிராம் என்றால், நூறு குழந்தைகளை எடைவாரியாக நிறுத்தினால் மிகச் சிறிய பத்துப் பேரில் ஒன்றாக இது நிற்கும். பத்து நாள் குறைத்துப் பார்த்தாலோ அந்தப் பத்துப் பேரைத் தாண்டி வந்துவிடும். ஸ்கேன் சொல்லும் எடையும் தராசு எடையன்று. அளவுகளைச் சூத்திரத்தில் போட்டுக் கணிப்பது, நூற்றுக்குப் பத்துப் பதினைந்து முன்பின் ஆகலாம். அந்தப் பத்துப் பேரிலும்கூட எல்லோருக்கும் நோய் இல்லை, பெற்றோரைப் போலச் சிற்றுடம்பாக, ஆரோக்கியமாக இருக்கிறவையும் உண்டு. கவலைக்குரியது நஞ்சு (நஞ்சுக்கொடி) சரியாக ஊட்டாததால் வளர்ச்சி குன்றிய குழந்தை. அப்போது குழந்தை மூளைக்கு முதலிடம் தந்து வயிற்றைப் பட்டினி போடும். ஈரலில் சேமிப்பு இல்லாமல் வயிற்றுச் சுற்றளவு முதலில் குறையும். மூன்று முறை அளந்தது அதனால்தான்.

டாப்ளர் என்ற சொல்லுக்கும் அப்போதுதான் பொருள் விளங்கியது: அது இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை. தொப்புள்கொடி இரத்தக்குழாயில் குழந்தையின் இதயம் அடிக்கும்போது இரத்தம் பாய்வது பெரிதன்று. இரண்டு துடிப்புக்கு நடுவிலும் அது நஞ்சை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நஞ்சு கெட்டிருந்தால் அந்த இடைநேர ஓட்டம் குறையும், நின்றுபோகும், மிக மோசமானால் பின்னோக்கித் திரும்பும். வாய்க்காலும் கடைமடையும் பார்த்து வளர்ந்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. என் மகளுக்கு ஓட்டம் சரியாக இருந்தது, பனிக்குட நீரும் போதுமான அளவு இருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அதற்கு முன்னால் அளந்தால் வளர்ச்சி எது, அளவுப் பிழை எது என்று பிரித்தறிய முடியாதாம்.

அவர் கேட்காத கேள்வி ஒன்றுக்கும் நானாகப் பதில் சொன்னேன்: இவளே பிறக்கும்போது 1,900 கிராம்தான் என்று. உடனே குறித்துக்கொண்டார். தாய் எடை குறைந்து பிறந்தவளாக இருந்தால் அவளுடைய குழந்தையும் அப்படி ஆகும் வாய்ப்பு கூடுதலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் கேட்ட மருத்துவமனையில் இதை யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும், தலைப்பிரசவத்துக்கு வருகிற பெண்ணோடு அவளைப் பெற்றவளும்தான் வந்து நிற்கிறாள்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் இதையெல்லாம் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. மூன்று நாளாகச் சோறு இறங்காமல் இருந்தவள் அன்று மதியம் சாப்பிட்டாள்.

நாங்கள் கேட்டு வாங்கவேண்டி வந்த விளக்கத்தை ஏன் சீட்டிலேயே அச்சிடக் கூடாது? எத்தனை வாரம், எவ்வளவு அளவு, ஏன் அனுப்புகிறோம், எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்ற நான்கு இடங்களைத் தமிழில் அச்சிட்டு விட்டால், மருத்துவர் எண்களை நிரப்பினால் போதும். மிக முக்கியமாக இன்னொன்று: அந்த மூன்று நாளும் குழந்தையின் அசைவைக் கவனிக்கும்படி என் மகளிடம் யாரும் சொல்லவில்லை. அசைவு குறைந்தால் ஸ்கேன் தேதிக்காகக் காத்திராமல் இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். வாரக் கணக்கு எழுதுவதற்கு முன்னால் மூன்றாம் மாத அறிக்கையைக் கேட்பதற்கும் அதே தாளில் ஒரு கட்டம் இருக்கட்டும். அரசு மருத்துவமனைகளில் 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனைகள் இலவசமாகவே செய்யப்படுகின்றன. அந்தப் பெரிய செலவோடு பார்த்தால் ஒரு தாளின் அச்சுக்கூலி பொருட்டல்ல. தாய்வீட்டுக்கு வரும் பெண்களும் வளைகாப்புச் சீரோடு அந்த ஸ்கேன் காகிதங்களையும் பெட்டியில் எடுத்துவைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் ஒருமுறை எழுதினால் நன்றாக இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் குழந்தை அதற்கேற்ப வளர்ந்திருந்தது. 39 வாரத்தில், திருத்திய தேதிக்கு ஒரு வாரம் முன்னதாக, 2,800 கிராம் எடையோடு பேரன் பிறந்தான். பிறந்தவுடன் தராசில் வைத்தபோது அவனைப் பார்க்காமல் முள்ளைத்தான் பார்த்தேன் என்று மகள் இன்னும் கேலி செய்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.