மூன்று முறை எழுதிய முதல் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் ஒரு மாதம் தன்னார்வப் பணிக்குப் போவது எப்படி என்று உங்கள் இளைஞர் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பாஸ்போர்ட், தங்குமிடம், செலவு எல்லாம் விவரமாகச் சொல்லியிருந்தார்கள். நாம் திரும்பி வந்த பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அதில் இல்லை. பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவள் நான், அதனால் எழுதுகிறேன்.

அனுப்பிய அமைப்பு என்னிடம் பணமும் வாங்கிக்கொண்டு கொடுத்த வேலை, ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருவது. இரண்டாம் நாள், ஐந்தாம் தரத்தில், அதாவது ஐந்தாம் வகுப்பில், படிக்கும் ஒரு பெண் தன் கொப்பியை (நோட்டுக்கு அங்கே அதுதான் பேர்) என் முன்னால் விரித்து வைத்தாள். முதல் பக்கத்தில் தன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பள்ளிக்கூடம் என்று ஆங்கிலத்தில் நாலு வரி. ஏழெட்டுப் பக்கம் தள்ளி அதே நாலு வரி, இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடியும் அதே. எனக்கு முன்னால் வந்த மூன்று பேரும் ஆளுக்கொரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், நாலாவதாக நானும் அதே பாடத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பென்சிலைச் சீவிக்கொண்டே அவள் கேட்டாள்: "நீங்க எப்ப போவீங்க டீச்சர்?"

அந்த ஊரில் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை என்று எனக்குப் போன பிறகுதான் புரிந்தது. இங்கிருந்து, அதாவது திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து போய்க் காப்பித் தோட்டத்திலும் அப்புறம் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்தவர்களின் வழியில் வந்த பிள்ளைகள் அவர்கள். 1948-இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் இல்லை என்று ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் பிரித்தார்கள். நான் தங்கியிருந்த லயனில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒரு பாட்டி, தன் அக்காவை ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்ட நாளை, நேற்று நடந்ததுபோலச் சொன்னார். அந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி (கோச்சி என்றால் ரயில்). அக்கா கோத்தகிரிக்குப் போனார், இரண்டு கடிதம் வந்தது, அவ்வளவுதான். இதையெல்லாம் சென்னையிலேயே ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி போயிருப்பேன்.

இரண்டாவது வாரம் அதிபரிடம், அதாவது தலைமை ஆசிரியரிடம், உண்மையில் என்னதான் வேண்டும் சார் என்று கேட்டேன். சாதாரண தரப் பரீட்சை (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) எழுதப்போகும் பதினொரு பேருக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை என்றார். அன்று மாலையே ஆரம்பித்தோம். தமிழ்தானே என்று நினைத்துத்தான் போனேன், ஆனால் நம் இயற்கணிதம் அவர்களுக்கு அட்சரகணிதம், நம் குறை எண் அவர்களுக்கு மறை எண். இரவில் அவர்கள் புத்தகத்தை வைத்து நான் படித்துவிட்டு மறுநாள் போவேன். சாயங்காலம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் அம்மாக்கள் ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நான் இருந்த தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ பறிக்க வேண்டும், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மழையில் நனைந்த சாக்கை இறக்கிவைத்த கையோடு ஒரு அம்மா, "பின்னம் புரியுதாம் புள்ள, ராத்திரி சொன்னான்" என்று சொல்லிப் பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) ஊற்றிக் கொடுத்ததை நான் மறக்கவே மாட்டேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆள் அனுப்பும் அமைப்புகள், என்ன பாடத்துக்கு ஆள் வேண்டும் என்று முதலில் அந்தப் பள்ளியிடம் கேளுங்கள். வாங்கும் பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று எழுதிக் கொடுங்கள். போகிறவர்கள் திரும்பும் தேதியை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, கடைசி இரண்டு நாள் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முடிந்தால் வந்த பிறகும் தொடருங்கள். இப்போது ஞாயிறுதோறும் போனில் ஒரு மணி நேரம் கணக்கு நடக்கிறது, சிக்னல் கோயில் மேட்டில்தான் கிடைக்கும் என்பதால் மழை வந்தால் அன்றைக்கு வகுப்பு கிடையாது.

அந்தப் பக்கம் அடுத்துப் போகிறவர் யாராவது இதைப் படித்தால்: அதிபர் அறை அலமாரியில் இரண்டாவது தட்டில் நீல அட்டை போட்ட ஒரு கொப்பி இருக்கிறது. யார் எந்தப் பாடம் வரை வந்திருக்கிறார்கள், யாருக்கு எது வரவில்லை என்று பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறேன். இங்கிலீஷுக்கு ஐந்தாம் தரத்தில் நாலாவது பாடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை - 11