புளி போட்டுத் தேய்த்த காசும் பேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காசு வாங்கி விற்கிற கடை என்றாலே "பாதி விலைக்குக் கேட்பான்" என்று தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் ஒரு பேச்சு உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் கடையில் நடக்கிற சண்டைகளில் பெரும்பாலானவை விலையால் வருவதில்லை. கடைக்காரர் கணக்கைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்வதால் வருகின்றன. இந்தத் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும், பாட்டி பெட்டியில் வைத்துவிட்டுப் போனதை விற்க வருகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதல் தகராறு பவுனில் வரும். நம் வீடுகளில் ஒரு பவுன் என்றால் 8 கிராம். அந்த வழக்கே இங்கிலாந்துப் பவுன் காசிலிருந்து வந்ததுதான். ஆனால் காசின் எடை 7.98 கிராம், மாற்று 22 காரட், ஆகவே உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம். டிரான்ஸ்வால் குடியரசு அடித்த க்ரூகர் பவுனுக்கும் இதே எடை, இதே மாற்று. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சுத்தத் தங்கம் கிராம் 1,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். விற்க வருகிற அக்கா வீட்டிலேயே எட்டால் பெருக்கி 8,000 என்று மனதில் முடிந்துகொண்டு வருகிறார். காசில் இருக்கும் தங்கத்துக்கே 7,320தான். கடைக்காரர் தன் லாபத்தைக் கழித்து எடுத்த எடுப்பில் "ஏழாயிரம்" என்றால், அக்கா காதில் "ஆயிரம் ராண்ட் அடிக்கிறான்" என்றுதான் விழும்.

இதற்கு ஒரே வழி, தராசை அவர் பக்கம் திருப்பி வைப்பது. வெறும் தராசு பூஜ்யம் காட்டுவதை அவர் பார்க்க வேண்டும். காசை வைத்து, எடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அதை 0.9167-ஆல் பெருக்கி, அன்றைய தங்க விலையையும் எந்த நேரத்து விலை என்பதையும் அதன் கீழே எழுதி, "இது தங்கத்தின் மதிப்பு, இதில் இவ்வளவு கடைக்கு" என்று வெளிப்படையாகக் கழித்துக் காட்ட வேண்டும். காசை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போகவே கூடாது. உள்ளே போய் வந்த காசு மாறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்க யாராலும் முடியாது. சீட்டை அவரிடமே கொடுத்துவிடலாம். "இன்று சாயங்காலம் வரைக்கும் இந்த விலை" என்று அதில் எழுதியிருந்தால், நாலு கடை ஏறி இறங்கி மூன்று நாள் கழித்து "அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே" என்று நிற்கும்போது வாக்குவாதம் இருக்காது.

காசுமாலையிலிருந்து கழற்றிய பவுன் தனிக் கதை. வளையம் பற்றவைத்த இடத்தில் பொடி (பற்றவைக்கப் போடும் உலோகம்) ஒட்டியிருக்கும். பொடியின் மாற்று குறைவு, அதன் எடையோ தராசில் சேர்ந்துவிடும். வளையத்தை எடுத்தாலும் விளிம்பில் தழும்பு நிற்கும். சேகரிப்பவர் அதைத் தொடமாட்டார், தங்க விலைதான். "பிரிட்டோரியாவில் அடித்தது, குதிரைக்குக் கீழே எஸ்ஏ எழுத்து இருக்கிறதே" என்பார்கள். 1923 முதல் 1932 வரை அங்கே பவுன் அடித்தார்கள். 1923, 1924 அரிது. மற்ற ஆண்டுகளில் பெரும்பாலானவை தாராளமாகக் கிடைக்கும். எழுத்தைப் பார்த்து விலை இல்லை, ஆண்டைப் பார்த்துத்தான். போயர் போரின்போது 1902-இல் அடித்த வெல்ட்பவுன் என்ற தங்கக் காசு மொத்தமே 986. அதைக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறவரிடம் போலி என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டாம். "சான்று வாங்கிக்கொண்டு வாருங்கள் அண்ணே, அப்புறம் விலை பேசுவோம்" என்றால் போதும்.

அடுத்தது புளி. குத்துவிளக்கைத் துலக்குகிற கையோடு வெள்ளிக் காசையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவருகிறார்கள். அந்தப் பளபளப்புதான் விலையைத் தின்றது. இதை வாயால் சொன்னால் சண்டை, கண்ணால் காட்டினால் சமாதானம். ஒற்றை விளக்கின் கீழ் பத்து மடங்கு லென்சைக் கொடுத்து, காசை மெல்லச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். புழங்காத, தேய்க்காத காசில் ஒளி சக்கரம்போலச் சுற்றி வரும். தேய்த்ததில் முடிபோன்ற கீறல்கள் ஒரே திசையில் ஓடும். பக்கத்தில் வைத்துக் காட்ட, தேய்க்காத மலிவான காசு ஒன்று எப்போதும் மேசையில் இருக்கட்டும்.

பை நிறைய டிக்கி என்கிற மூன்று பென்னிக் காசும் ஷில்லிங்கும் அரை கிரௌனும் வந்தால் முதலில் ஆண்டு பார்த்துப் பிரிக்க வேண்டும். 1923 முதல் 1950 வரை தென்னாப்பிரிக்க வெள்ளிக் காசில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1951 முதல் 1960 வரை 50 பங்குதான். 28.28 கிராம் எடையுள்ள ஐந்து ஷில்லிங் காசு இரண்டைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றில் 22.6 கிராம் வெள்ளி, மற்றதில் 14.1. இரண்டையும் ஒரே கூறாக நிறுத்து விலை சொல்கிற வியாபாரி ஒன்று தான் ஏமாறுவார், இல்லை எதிராளியை ஏமாற்றுவார். கூறு கட்டும்போது நல்ல காசுகளைத் தனியே எடுத்து ஒவ்வொன்றுக்கும் விலை எழுதுங்கள். மீதிக்கு எடை விலை. "எடை விலை முழுக் கூறுக்கும்தான், பொறுக்கி எடுத்தால் கிடையாது" என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

மண்டேலா படம் போட்ட ஐந்து ராண்ட் காசுக்கு வருவோம். 2008-இல் அவருடைய 90-ஆவது பிறந்தநாளுக்கு வந்த காசு பல வீடுகளில் பூட்டி வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் கேட்டு வருகிறார்கள். கை மாறிப் புழங்கிய காசு ஐந்து ராண்ட்தான். கைபடாமல் எடுத்து, என்ஜிசி போன்ற நிறுவனம் உயர்ந்த தரம் போட்டு மூடி ஒட்டிய கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது வேறு பொருள். ஃபோனில் இணைய விலையைக் காட்டினால் ஒரே கேள்வி கேளுங்கள்: இது கேட்ட விலையா, விற்ற விலையா? ஏலத்தளத்தில் முடிந்துபோன ஏலங்களை அவரையே தேடிப் பார்க்க வையுங்கள். சிரிக்காமல் செய்ய வேண்டும். அந்தக் காசை நம்பி ஏதாவது கடனைக்கூட வைத்திருப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவின் முதலீட்டுத் தங்கக் காசான க்ரூகர்ராண்டில் பேரம் குறைவு, சோதனை அதிகம். ஒரு அவுன்சுக் காசின் எடை 33.93 கிராம், குறுக்களவு 32.77 மில்லிமீட்டர், தடிமன் 2.84. சாதாரணக் காசின் விளிம்பில் 160 பற்கள், சேகரிப்பவர்களுக்கென்று பளபளப்பாக அடிக்கும் புரூஃப் காசில் 220. தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய காசை அடியைத் தொடாமல் தொங்கவிட்டால் சுமார் 1.93 கிராம் காட்டும். காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்கு தப்பும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் ஒட்டாது. முதலில் உரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புரூஃப் காசை நனைக்கவே வேண்டாம். டங்ஸ்டன் உள்ளே வைத்த போலி இதையும் தாண்டலாம் என்பதால், தொகை பெரிதானால் மின்கடத்தலை அளக்கும் கருவி தேவை.

தங்க க்ரூகர்ராண்டுக்கு வாட் வரி பூஜ்யம், வெள்ளிக்கு 15 சதவீதம். புதிதாக வாங்கிய வெள்ளிக் காசை அடுத்த மாதமே விற்க வருகிறவர் கொதிப்பது இதனால்தான். அந்த 15 திரும்பி வராது என்பதை விற்கும்போதே சொல்லாத கடைக்காரர் அந்தக் கோபத்துக்குத் தகுதியானவரே.

இனிப் பேரம். வாய் திறப்பதற்கு முன்பே எதுவரை ஏறலாம் என்று மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். 7,000 சொல்லி, கோடு 7,150 என்றால், முதலில் 7,100, பிறகு 7,150, அத்தோடு நிறுத்தம். படி போகப் போகச் சின்னதாக வேண்டும். 7,000 சொன்னவர் அடுத்த மூச்சில் 7,500 என்றால், முதலில் சொன்னது ஏமாற்று என்று அவரே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும். விலை சொன்ன பிறகு பேசாமல் இருக்கவும் பழக வேண்டும். அவர் யோசிக்கும் நேரத்தில் நாமே "சரி, இன்னும் ஐம்பது" என்று உளறுவதால் போகிற பணம் கொஞ்சமல்ல.

"நாமெல்லாம் ஒரே கோயில்காரர்கள், பார்த்துப் போடு தம்பி" என்பவருக்கு விலையில் சலுகை கொடுக்க ஆரம்பித்தால் அடுத்த காவடிக்குள் அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். விலையைத் தொடாமல் காசுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையைச் சேர்த்துக் கொடுங்கள். சத்தம் போடுகிறவரிடம் காசை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "வேறு இடத்திலும் கேட்டுப் பாருங்கள், சீட்டு உங்களிடம் இருக்கிறது" என்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். மேசையில் காசு கிடக்கும்வரை சத்தமும் இருக்கும்.

விற்ற காசைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்காக, இரு பக்கமும் எடையோடு படம் எடுத்துப் பில்லோடு வைத்திருங்கள். "பணம் அனுப்பிவிட்டேன், மெசேஜைப் பாருங்கள்" என்றால் மெசேஜைப் பார்க்க வேண்டாம்; அது எளிதில் போலியாகும். நம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே காசு மேசையைத் தாண்டலாம். வாங்கும்போது விற்பவரின் அடையாள அட்டை நகலும் பதிவேட்டில் கையெழுத்தும் கட்டாயம். "என்னைத் திருடன் என்கிறாயா?" என்று சீறுவார்கள். பதிவேட்டைத் திறந்து, எல்லாரும் போட்டிருக்கும் கையெழுத்துகளை, பெயர்களை மறைத்துக் காட்டுங்கள். அப்போதும் மறுத்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
நாணய வியாபாரிகள் சிலர்,
டர்பன்