மண்ணுக்குள் கிடந்த பெட்ரோல் டேங்க்

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. என் வணக்கத்தைச் சொல்லு. விழுப்புரம் பக்கம் நீ பார்த்திருக்கும் மனையில் முன்பு பெட்ரோல் பங்க் இருந்ததாக எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். இந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டிலும் அதே விவகாரம்தான்.

பென்சில்வேனியாவில் நாங்கள் வாங்கியது பழைய பண்ணை வீடு என்று உனக்குத் தெரியும். முன்பு இருந்தவர்கள் டிராக்டருக்காகக் கொட்டகை ஓரம் இரும்பு டேங்க் புதைத்து அதில் பெட்ரோல் வைத்திருந்திருக்கிறார்கள். இங்கே பங்க் டேங்குகளுக்கு 1988 முதல் கடுமையான மத்திய விதிகள் உண்டு. ஆனால் வீட்டிலும் பண்ணையிலும் சொந்த உபயோகத்துக்கு வைக்கும் டேங்க் 1,100 கேலனுக்குள், அதாவது சுமார் 4,160 லிட்டருக்குள் இருந்தால் விலக்கு. அதனால் இது யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

டேங்கை எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே இருக்கும் ஆவி தீப்பிடிக்காமலிருக்க முதலில் டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு போட்டார்கள். தூக்கினால் அடிப்பக்கமெல்லாம் விரல் நுழையும் ஓட்டைகள். மேலே செம்பழுப்பாக இருந்த களிமண் குழியின் அடியில் சாம்பல் பச்சையாக மாறியிருந்தது. பெட்ரோலைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, அடுத்து இரும்புத் துருவில் கைவைக்கும்போது மண்ணின் சிவப்பு போய்விடுமாம். சோதிக்க வந்த பெண் ஒரு பிடி மண்ணை ஜிப் பையில் போட்டு மூடி, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து, பெட்ரோல் ஆவியை அளக்கும் மீட்டரின் முனையை உள்ளே விட்டார். எண் ஏறிக்கொண்டே போனது. வாடையை விட அந்த எண்தான் என்னைப் பயமுறுத்தியது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார். பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்ற நச்சுப் பொருள் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு சுமார் 7 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான் இங்கே உச்சவரம்பு. ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல் 14 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். பென்சீன் இரத்தப் புற்றுநோய் தருவது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதுமே என்றார் ஒருவர். கொதிக்க வைத்தால் அது சமையலறைக் காற்றில் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

பள்ளத்துப் பக்கம் ஒரு வயதான தம்பதி கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மாநில அலுவலகத்துக்குத் தெரிவித்த கையோடு அவர்கள் வீட்டுக் கதவையும் தட்டினோம். அவர்கள் கிணறு சுத்தமாக வந்தது. எங்கள் கிணற்றிலும் எதுவும் இல்லை. களிமண்தான் காப்பாற்றியது.

அப்புறம் மண் விஷயம். எல்லாவற்றையும் தோண்டி லாரியில் ஏற்றிவிடலாம் என்றார் ஒரு காண்டிராக்டர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் அழுக்கை இன்னொரு ஊர்க் குப்பைமேட்டில் கொட்டுவதற்குப் பெயர் சுத்தமா? டேங்கைச் சுற்றி ஊறிப்போன மண்ணை எடுத்தே ஆக வேண்டும், எடுத்தோம். அது சூளையில் சூடாக்கிப் பெட்ரோலை ஓட்டும் ஆலைக்குப் போனது. மீதிக்கு ஓட்டை போட்ட பிவிசி குழாய்களை இறக்கி, சின்ன புளோயர் வைத்து மெதுவாகக் காற்று விடுகிறோம். காற்று கிடைத்தால் அதே நுண்ணுயிர்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். களிமண்ணில் காற்று லேசில் புகாது, காலம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

இப்போது உன் மனைக்கு வருகிறேன். 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து வீட்டு போர்வெல்லில் எண்ணெய் வந்ததே, நினைவிருக்கிறதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் டேங்க் இருந்த இடத்தைக் கேட்டு வாங்கு. மேல்மண்ணைச் சோதித்துப் பயனில்லை. டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே துளையிட்டு மண் எடுக்கச் சொல்லு. பக்கத்து போர்வெல் தண்ணீரையும் பென்சீனுக்குச் சோதிக்க வேண்டும். பங்க் 2000-க்கு முன்பே இருந்ததென்றால் ஈயத்துக்கும் பார்க்கச் சொல்லு, அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த மனையே வேண்டாம்டா. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சேகர்