மாப்ள, கோதுமை அனுப்பிட்டேன்

மாப்ள,

நல்லாருக்கியா? அம்மாவுக்கு சுகர் இப்ப பரவால்லையா? அன்னிக்கு போன்ல நீ கேட்டதுக்கு மண்டி சத்தத்துல ஒழுங்கா பதில் சொல்ல முடியல, அதான் உக்காந்து எழுதறேன். இங்க நீலகிரி கேத்தில பனி விட்டுருச்சு, கேரட் விலை மட்டும் வழக்கம்போல நாம பிடுங்கற அன்னிக்கு பாத்து விழுது.

மலை மண்ணுல விளைஞ்ச சம்பா கோதுமை, ஜிங்க் அயர்ன் எல்லாம் தூக்கலா இருக்கும்லன்னு கேட்ட. நானும் அப்படித்தான் பெருமையா நெனச்சுட்டு இருந்தேன். ஆனா இந்த போகம் நான் பண்ணின கூத்தை கேளு. மலைச்சரிவுல கீழ் படி வயல்ல முட்டைக்கோசுக்கு கிளப்ரூட்ங்கற வேர் நோய் வந்து வேரெல்லாம் கிழங்கு மாதிரி வீங்கிடுச்சு, மண்ணு டெஸ்ட்ல பிஹெச் 4.9, அந்த புளிப்புல அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியவே பொசுக்கிடும், அதனால சுண்ணாம்பு போடுறது சரிதான், ஆனா லோடு சல்லிசா வந்துச்சுன்னு மண்ணு டெஸ்ட் கார்டுல சொன்னத விட டபுளா கொட்டிட்டேன். அப்புறம் அதே படில கோதுமை வெதச்சா பயிரு குட்டையா நிக்குது, நடு இலைல எல்லாம் வெளுத்த திட்டு.

சுண்ணாம்பு ஏற ஏற கால்சியம் கூடும், புளிப்பு கொறையும், அப்ப ஜிங்க், அயர்ன், மாங்கனீசு மண்ணோட ஒட்டிக்கும், வேருக்கு வராது. அதுக்கு மேல உருளைக்கு வருஷக்கணக்கா நாம போட்ட காம்ப்ளெக்ஸ் உரம் வேற, அதுல பாஸ்பரஸ் இருக்கு. பாஸ்பரஸ் அதிகமா கிடைச்சா வேர்ல ஒட்டி வாழற பூஞ்சை கொறஞ்சுடுது, மண்ணுல இருந்து ஜிங்க்க எடுத்துக் குடுக்கறதுல அதுக்கு பெரிய பங்கு. போதாததுக்கு மிச்ச பாஸ்பரஸ பயிரு தானியத்துல பைட்டேட்ங்கற சேமிப்பு பொருளா சேத்து வெச்சுக்கும். தானியத்துல இருக்கற பாஸ்பரஸ்ல பாதிக்கு மேல அப்படித்தான் இருக்கு, அது நம்ம வயித்துக்குள்ள வந்தும் ஜிங்க்க விடாம கவ்விக்கும். மூட்டை எண்ணிக்கை நல்லா வரும், சத்து உள்ள பூட்டிக் கெடக்கும். மண்டில யாருப்பா பைட்டேட் பாத்து வெல போடறான்?

வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையம் பக்கத்துலயே இருக்கு, கோதுமைக்கு வர்ற துரு நோய் வருஷம் பூரா நம்ம மலைல இருக்கறதால, அத தாங்கற ரகத்த சோதிக்க அவங்களுக்கு இது தோதான இடம். ஆனா ஜிங்க் கதைல ரொம்ப வேலை பண்ணினது துருக்கிக்காரங்க. மண்ணுல ஜிங்க் சல்பேட் போட்டா விளைச்சல் ஏறும், தானியத்துக்குள்ள ஏறணும்னா கதிர் வெளிய வர்றப்பயும் பால் பிடிக்கறப்பயும் இலைல அடிக்கணும். நானும் 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் போட்டு, இலை கருகாம இருக்க கொஞ்சம் சுண்ணாம்பு தண்ணி தெளிவும் சேத்து ரெண்டு தடவ அடிச்சேன், ரெண்டாவது தடவ அடிச்ச மறுநாளே காட்டெருமை ஒண்ணு பாதி படிய மேஞ்சுட்டு போயிடுச்சு, அதுக்கு நல்ல சத்து. அயர்னுக்கு இந்த வித்தை அவ்வளவா பலிக்காது, தழைச்சத்து (நைட்ரஜன்) சரியா இருந்தா தான் தானியத்துல புரோட்டீனோட சேந்து கொஞ்சம் ஏறும்.

மண்ணு மேலயே எல்லா பழியும் போடவும் முடியாது. இங்கிலாந்துல ராத்தம்ஸ்டெட்ல 1843ல ஆரம்பிச்ச கோதுமை வயல் இன்னும் நடக்குது, பழைய தானியத்த எல்லாம் எடுத்து வெச்சிருக்காங்க. 1960கள்ல குட்டை ரகம் வந்த அப்புறம் தான் அதுல ஜிங்க், அயர்ன், காப்பர் எறங்கியிருக்கு, மண்ணுல கொறையல. விளைச்சல் கூடினா சத்து பிரிஞ்சு போகுது, ஒரே கொழம்ப பத்து பேருக்கு ஊத்தற மாதிரி.

சரி, மேட்டுப்பாளையம் பஸ்ல 15 கிலோ ஏத்தி விட்டுருக்கேன், எல்லாம் காட்டெருமை விட்டுவெச்சது. தவிட்ட சலிச்சு கொட்டிடாத, சத்துல பாதி அங்க தான். கொட்டிட்டா மில்லுகாரன் மாட்டுக்கு தான் லாபம். பைட்டேட்டும் அங்க தான் இருக்கு, அதனால ராத்திரி ஊற வெச்சு முளைகட்டி காய வெச்சு அரைக்க சொல்லு, முளை விடறப்ப அது ஒடையும். அம்மா ரொட்டிய விட கஞ்சி தான் கேப்பாங்க, தெரியும். சாக்கு மட்டும் திருப்பி அனுப்பிடு, எங்கிட்ட கிழியாத சாக்கு அது ஒண்ணு தான்.