நமது தூண்டில் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையின் நகல் வீடு தேடி வரும். கூடவே சந்தா ரசீதுப் புத்தகமும் வரும்.

செயற்குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை கூட்டம் நடத்தப் போதிய ஆள் (கோரம்) சேரவில்லை. ஆகஸ்ட் 15 கொடியேற்றம் நடந்தது. அக்டோபர் போட்டி மழையால் நின்றுபோனது. பள்ளிப் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தோம்.

ஜனவரியில் வேன் வைத்துப் புன்னைக்காயல் போனோம். ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் அலையாத்தி வேர்களை ஒட்டிக் கொடுவா மீன் நிற்கும். கிடைத்தது இரண்டு. கொடுவா சிறிசாக இருக்கும்போது ஆண், வளர்ந்து பெரிசானால் பெண். அதனால் பெரியதை ஆற்றிலேயே விட்டுவிடலாம் என்று சொன்னேன். வேனுக்குள் பெரிய எதிர்ப்பு. வேனில் இடம் பிடித்தவர்கள் 14 பேர், வாடகையில் பங்கு கொடுத்தவர்கள் 9 பேர்.

இனி கட்டைக் கணக்கு, அதாவது ஆற்றில் முங்கிக் கிடக்கிற மரங்களை எழுதி வைத்த கணக்கு. இதைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசிக்கொள்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரையில் நின்ற மருதம், பனை, தென்னை, உடைமரம் என்று அகப்பட்டதையெல்லாம் தாமிரபரணி பிடுங்கிக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்த பிறகும் நிறைய மரங்கள் ஆற்றுக்குள்ளேயே முங்கிக் கிடந்தன. தூண்டில் போகப் போகத்தான் அது நமக்குத் தெரிந்தது. நம் உறுப்பினர் ஒருவர் ஒரே காலையில் ஏழு ரப்பர் தவளைகளை (தூண்டிலில் மாட்டும் பொய் இரை) கட்டைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு தவளை என்ன விலை என்று அவர் வீட்டில் இன்றுவரை தெரியாது. நானும் இங்கே சொல்லவில்லை.

அந்தக் கட்டையில்தான் விராலும் இருக்கிறது. கட்டையில் பாசி படியும். பாசிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சின்னக் கெண்டையும் ஜிலேபி மீனும் வரும், அதுகளுக்கு விரால் வரும். மேலே நிழல், கட்டைக்குப் பின்னால் ஒழுக்கு தணிந்த இடம். உட்கார்ந்த இடத்துக்கே சோறு வரும்போது அது ஏன் நகரப் போகிறது?

ஆகவே, கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள், ஆறு வற்றிக் கிடக்கிற மே மாதத்தில், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து சீவலப்பேரி வரை நடந்து, கிடக்கிற கட்டை ஒவ்வொன்றையும் எழுதி வைப்போம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பதினொரு கைகள் உயர்ந்தன. முதல் ஞாயிறு காலை அணைக்கட்டுக்கு வந்தது நான், பொருளாளரின் மச்சினன், ஒரு கல்லூரித் தம்பி. கடைசி ஞாயிறு வரை அதே மூன்று பேர்தான். குறுக்குத்துறையில் தலைவர் அண்ணாச்சி வந்து பார்த்து, காப்பி வாங்கித் தந்தார். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

லாரி டியூபில் ஒருவர் மிதப்பார், மூங்கில் கழியால் ஆழம் பார்ப்பார். கரையில் ஒருவர் அடையாளம் எழுதுவார்: எந்தப் படித்துறை, எந்த மோட்டார் ரூம், அங்கிருந்து எத்தனை எட்டு. என்ன மரம், தலை எந்தப் பக்கம் என்பதும் எழுதினோம். மரத்தின் பெயர் எதற்கு என்று தம்பி கேட்டான். தென்னை உள்ளே சோறாகிச் சீக்கிரம் உளுத்துவிடும், மருதம் வருஷக்கணக்கில் கிடக்கும். மூட்டோடு சாய்ந்த மருதம் கசத்தின் (ஆற்றில் ஆழமான இடம்) ஓரத்தில் கிடந்தால் அதற்கு மேல் இடமே வேண்டாம். அந்த வேர்க்கட்டுக்குள் ஒரு குடும்பமே இருக்கலாம். மொட்டைத் தடி நீரோட்டத்தோடு நீளவாக்கில் கிடந்தால் பெரிதாக ஒன்றும் நிற்காது. குறுக்கே கிடந்தால் நிற்கும். மொத்தம் 63 கட்டைகள். நாயன்மார் கணக்கு என்றார் பொருளாளர்.

அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு மீன். அதை இப்படி முங்கின மரத்தை ஒட்டிப் பிடிப்பது அங்கே தனி வித்தை என்று தம்பி போனில் படம் காட்டினான். 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் சாதனையாம். 2009-இல் ஜப்பானில் பிவா ஏரியில் ஒருவர் அதைச் சமன் செய்திருக்கிறார். நம் கிலோவில் 10-க்குச் சற்று மேல். அது வேறு குடும்பம், விரால் வேறு குடும்பம். ஆனாலும் கட்டையோரத்து வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். கட்டை மேலேயே எறியாதீர்கள். தாண்டி எறிந்து, பக்கத்தில் உரசினாற்போல இழுத்து வாருங்கள். முள்ளின் நுனி ரப்பருக்குள் மறைந்திருக்கட்டும். கடித்ததும் யோசிக்காமல் கட்டையை விட்டு வெளியே இழுங்கள். கொஞ்சம் விட்டால் கிளையைச் சுற்றிவிடும். மெல்லிசுத் தங்கூசி (நைலான் நரம்பு) இதற்கு ஆகாது, பின்னல் நூல் வேண்டும்.

விராலில் நமக்கு ஒரு வசதி உண்டு. அது மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். போனதும் எறியாமல் ஒரு பீடி நேரம் சும்மா நின்று பார்த்தால், எந்தக் கட்டையில் ஆள் இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஆனால் செக்கச்செவேலென்று பார்ப்பு (விரால் குஞ்சு) கூட்டமாகத் திரிந்தால் அந்தக் கட்டையை விட்டுவிடுங்கள். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். போன வருஷம் அப்படி நின்றதைத் தூக்கியவர் இன்று இந்த அறையில்தான் இருக்கிறார்.

கணக்கு முடிந்ததும் ஜெராக்ஸ் எடுத்து, கேட்ட எல்லாருக்கும் கொடுத்தேன். 41 உறுப்பினர்களும் கேட்டார்கள். நேற்று வரை சந்தா கட்டியவர்கள் 17 பேர். கட்டைக் கணக்கு செயலாளரின் சொந்த விளையாட்டு என்று சொன்னவர்தான் 9-ஆம் எண்ணிலும் 31-ஆம் எண்ணிலும் விடாமல் நிற்கிறார் என்று கேள்வி. சரி, நிற்கட்டும். வலைக்காரர் கையில் ஒரு பக்கம் எப்படிப் போனது என்பதை மட்டும் யாராவது சொன்னால் நல்லது. 22-ஆம் எண் மருதத்தை யாரோ விறகுக்கு அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். கேட்க முடியுமா? மரம் நம்முடையதில்லை, கணக்குதான் நம்முடையது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. ஏறக்குறைய என்பதைப் பொருளாளர் விளக்குவார். கட்டைக் கணக்குச் செலவு ‘இதர’ என்ற தலைப்பில் வருகிறது. டியூப், கழி, நோட்டு, ஜெராக்ஸ், நான்கு ஞாயிறு டிபன் எல்லாம் அதில் அடக்கம். டிபன் மூன்று பேருக்குத்தான். ஆண்டு விழாச் சொதிச் சாப்பாட்டுக்கு 37 இலை விழுந்தது. அது தனித் தலைப்பில் இருக்கிறது.

கூட்டம் நடத்த மாடியைத் தந்தவருக்கும், நோட்டீஸ் அடித்துத் தந்தவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி. 2024 டிசம்பரில் ஆறு மறுபடியும் பெருகியதில் கட்டைகள் இடம் மாறியிருக்கின்றன. கொக்கிரகுளத்துக்குக் கீழே எழுதியதில் பாதி இப்போது பொய். பழைய தாளை நம்பி எறிந்து தூண்டிலை இழந்துவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டாம். என் முழங்கால் போன வருஷம் மாதிரி இல்லை. நோட்டை யாராவது வாங்கிக்கொண்டால் இன்றைக்கே கொடுத்துவிடுவேன். கையெழுத்து மட்டும் புரியும்படி இருக்க வேண்டும். மே முதல் ஞாயிறு, காலை 6 மணி, சுத்தமல்லி அணைக்கட்டு. டியூப் என் வீட்டில் இருக்கிறது. ஒரு பஞ்சர் ஒட்ட வேண்டும், தூக்கி வர ஒரு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்