ஓரத்து ஒன்றரை மீட்டரைக் காப்பாற்றிக் கொடுங்கள்

தேசிய நெடுஞ்சாலைகளை வடிவமைக்கும், பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, ஜம்மு வழியாக ஸ்ரீநகர் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். வெயில் தணிந்த மாதங்களில் இந்தச் சாலையில் நான்கைந்து நண்பர்களாகச் சேர்ந்து சைக்கிளில் போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாளுக்கு 100 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் 37 நாள். ஓய்வு நாள்களைச் சேர்த்தால் ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் அவர்களுடைய சாலை என்பது ஓரக்கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் தார் போட்ட ஓரம்தான். நான்குவழிச் சாலைகளில் அது ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரை இருக்கிறது.

புதிதாகச் சைக்கிள் பாதை கேட்டு இதை எழுதவில்லை. ஏற்கெனவே செலவழித்துப் போட்ட அந்த ஓரம் சுத்தமாக, சமமாக, நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால் போதும். அது ஏன் அப்படி இருப்பதில்லை, எதை மாற்றினால் சரியாகும் என்பதைச் சைக்கிளின் பக்கமிருந்து சொல்கிறோம்.

முதலில் அந்த வண்டியைப் பற்றி. நெடும்பயணச் சைக்கிள் 14 கிலோ இருக்கும். பக்கப்பைகள், கூடாரம், துணி, கருவிகள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 15 கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ என்றால் மொத்தம் 100 கிலோவைத் தொடும். அதில் 60 சதவீதத்துக்கு மேல் பின்சக்கரத்தில்தான் இறங்கும். 35 மில்லிமீட்டர் டயரில் 60 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், பின்சக்கரம் தரையைத் தொடும் பரப்பு ஒரு தீப்பெட்டியைவிடச் சின்னது. அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சமதரையில் 18 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும் இதே வண்டி, மேட்டில் ஏறும்போது 6, 7 கிலோமீட்டருக்குக் குறைந்து இரண்டு பக்கமும் அரை மீட்டர் அலையும். பக்கத்தில் லாரி கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், அடுத்த நொடியே உள்ளே இழுக்கும். இவ்வளவுக்கும் ஒன்றரை மீட்டர் போதும். ஆனால் அந்த ஒன்றரை மீட்டர் முழுசாகக் கிடைக்க வேண்டும்.

கிடைக்காததற்கு முதல் காரணம் குப்பை. கண்ணாடித் துண்டும் ஆணியும் கண்ணுக்குத் தெரியும், விலகிப் போய்விடலாம். சைக்கிள்காரர்களை வாட்டுவது லாரி டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி. ரேடியல் டயர் வெடித்துக் கிழியும்போது உள்ளே பின்னியிருக்கும் கம்பிகள் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய துணுக்குகளாக உதிர்ந்து சாலையில் சிதறுகின்றன. ஓடும் வாகனங்களின் சக்கரங்களும் காற்றும் அவற்றை ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இந்தத் துணுக்கு குத்தியவுடன் காற்று இறங்காது. டயர் ரப்பரில் ஏறிக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உள்ளே போய், பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் ட்யூபைத் துளைக்கும். ட்யூபை ஒட்டிவிட்டுக் கம்பியை எடுக்காமல் மாட்டினால் அடுத்த மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். டயரின் உட்புறத்தைத் திருப்பிப் பஞ்சால் மெல்லத் தடவினால் கம்பி இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். அங்கே சின்னக் குறடால் பிடித்து இழுக்க வேண்டும். விரலால் தேடினால் விரலில் ஏறும். ஒரு பஞ்சருக்கு அரை மணி நேரம். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒன்று என்றால் இரண்டரை மணி நேரப் பகல் போய்விடும். போன நேரத்தை இருட்டிய பிறகு ஓட்டித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பெருக்கும் வண்டி ஓடுபாதையைச் சுத்தம் செய்து குப்பையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனால், கார்களுக்குச் சாலை சுத்தமாகிறது, எங்களுக்குப் பாழாகிறது. ஓரத்தையும் பெருக்கும் பரப்பாகப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேருங்கள். வாரம் ஒரு முறை போதும். கிழிந்த டயர்ப் பட்டைகளை எடுக்கும்போது தடுப்புச்சுவர்ப் பக்கம் ஒதுக்கிவிடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

தென்மாவட்டங்களில் இதனோடு சீமைக்கருவேல முள்ளும் சேர்ந்துகொள்கிறது. சாலையை மறைக்கும் கிளைகளை வெட்டுவது நல்ல வேலை. வெட்டியதை ஓரத்திலேயே போட்டு, காய்ந்த பிறகு வந்து எடுப்பதுதான் சிக்கல். பச்சை முள் டயரில் மடங்கக்கூடும். காய்ந்த முள் ஆணி மாதிரி நிமிர்ந்து இறங்கும். வெட்டிய அன்றே அள்ளிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது ரம்பிள் ஸ்ட்ரிப். ஊர் வருவதற்கு முன்பும் சந்திப்புகளிலும் வேகத்தைக் குறைக்கப் போடும் அந்தத் தடித்த வெள்ளைப் பட்டைகளின் தேவையை நாங்கள் மறுக்கவில்லை. அவை ஓரக்கோட்டோடு நிற்காமல் தார் முடியும் விளிம்பு வரை போவதுதான் பிரச்சினை. காருக்கு அது தடதட சத்தம். சுமை ஏற்றிய சைக்கிளுக்கு, அடுத்தடுத்து ஆறு முறை விழும் அடி. பக்கப்பையின் கொக்கி கேரியரிலிருந்து எகிறும். தண்ணீர்க் குப்பி தெறித்துப் பின்னால் வருபவரின் சக்கரத்துக்கு அடியில் போகும். எல்லாவற்றையும்விடப் பின்சக்கரத்து ஸ்போக் கம்பிதான் பெரிய இழப்பு. பின்சக்கரத்தில் பல்சக்கரத் தொகுதிக்கு இடம் விட்டிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட அதிகமாக இறுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அறுபடுவது அந்தப் பக்கம்தான், அதுவும் கம்பி வளையும் கழுத்தில். அதை மாற்றப் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அதற்குத் தனிச் சாவி வேண்டும். சாவி இல்லாதவர் கோணிய சக்கரம் பிரேக் கட்டையில் உரச உரச அடுத்த ஊர் வரை தள்ளிக்கொண்டு போகிறார்.

இதைத் தவிர்க்க நினைக்கும் சைக்கிள்காரர், பட்டை இல்லாத இடத்தைத் தேடித் தாரிலிருந்து மண்ணில் இறங்குகிறார். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நான்கு விரற்கடை பள்ளம் இருந்தால் திரும்ப ஏறும்போது முன்சக்கரம் விளிம்பில் வழுக்கி, ஆள் ஓடுபாதைப் பக்கம் விழுவார். பட்டையை இடது விளிம்புக்கு ஒரு மீட்டர் முன்பே நிறுத்திவிட்டால் இது நேராது. அந்த இடைவெளியில் பைக்குகள் நுழைந்துவிடும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் பட்டை போடுவதன் நோக்கம் லாரியையும் பேருந்தையும் காரையும் மெதுவாக்குவது, அவை எவையும் ஒரு மீட்டரில் நுழையாது.

பாலங்களில் இரண்டு விஷயம். பழைய பாலங்களில் ஓரம் திடீரென்று மறைந்து, தடுப்புச்சுவர் ஓரக்கோடு வரை வந்துவிடுகிறது. பாலத்தை அகலப்படுத்தச் சொல்லவில்லை. நூறு மீட்டர் முன்னால் ‘பாலத்தில் சைக்கிள் வரும், மெதுவாகச் செல்க’ என்று ஒரு பலகை வைக்கலாம். இரண்டாவது, பாலத்தின் இணைப்பு இடைவெளி. சாலைக்குக் குறுக்கே நேராக இருக்கும் இடைவெளியைச் சைக்கிள் எளிதாகத் தாண்டும். ஆற்றின் போக்குக்கு ஏற்ப பாலம் சாய்வாகக் கட்டப்பட்ட இடங்களில் இடைவெளியும் சாய்ந்தே வரும். அதன் ரப்பர் போய்விட்டால் 35 மில்லிமீட்டர் டயர் அப்படியே உள்ளே இறங்கிச் சிக்கும். ஓரத்துப் பகுதியில் மட்டும் ஒரு இரும்புத் தகடு மூடினால் போதும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் போக்குவரத்துத் திசையிலேயே இருந்தாலும் இதே கதிதான். மூடியைத் தூக்கி ஒரு கால்திருப்பம் திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

இனி மேம்பாலமும் சர்வீஸ் ரோடும். ஒவ்வொரு ஊரிலும் சைக்கிள்காரர் ஐந்து விநாடியில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மேலே போனால் ஓரம் இருக்காது. கீழே போனால் சர்வீஸ் ரோடு ஊர் தாண்டி மறுபடி சேருமா, இல்லை ரயில் பாதையிலோ வாய்க்காலிலோ முட்டி நிற்குமா என்று தெரியாது. முட்டி நின்றால் திரும்ப வர வேண்டும், எதிர்த்திசையில். நல்ல மனிதர்களும் எதிர்த்திசையில் வருவது இப்படித்தான். ஒரு சின்னப் பலகை போதும்: ‘இந்தச் சர்வீஸ் ரோடு 1.8 கி.மீ. கழித்து நெடுஞ்சாலையில் இணையும்’ அல்லது ‘இணையாது’. எங்கள் பட்டியலிலேயே செலவு குறைந்த கோரிக்கை இதுதான். அதிகப் பயன் தருவதும் இதுதான்.

நேராகப் போகும் சைக்கிள், சர்வீஸ் ரோட்டுக்குப் பிரியும் அந்த இடதுபுறப் பிரிவைக் கடக்கும் இடம் இன்னும் கடினம். 90 கிலோமீட்டரில் வரும் கார் இடப்பக்கம் இறங்கும், 18 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் அதன் குறுக்கே நேராகப் போகும். குழுவாகப் போகிறவர்கள் பிரிவு தொடங்கும் இடத்திலேயே நின்று, எல்லோரும் சேர்ந்த பிறகு, ஒருவர் பின்னால் பார்த்துச் சொல்ல, குறுக்காக ஒரே மூச்சில் கடக்க வேண்டும். ஒவ்வொருவராக நழுவிப் போகும்போதுதான் கடைசி ஆள் மாட்டிக்கொள்கிறார். இந்தக் கடக்கும் இடத்தைக் கோடுகளால் குறித்துக் கொடுங்கள். காரில் வருகிறவருக்கும் இங்கே ஒருவர் கடப்பார் என்பது தெரியட்டும்.

நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச் சாலைகளில் சைக்கிளைத் தடை செய்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. பெங்களூரு–மைசூரு சாலையின் முதன்மை ஓடுபாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் தடை வந்தது. வேறு சாலைகளுக்கும் இப்படித் தடை வரலாம். ஆணை பிறப்பிக்கும் முன் சர்வீஸ் ரோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் இருக்கிறதா என்று ஒருவரைச் சைக்கிளில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் அறுபடாத கோடு தரையில் அறுபடும்.

ஜம்முவுக்கு அப்பால் இதே கேள்வி சுரங்கப்பாதைகளில் வருகிறது. செனானி–நஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டருக்கு மேல். பனிஹால்–காசிகுண்ட் சுமார் 8.5 கிலோமீட்டர். 15 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் அரை மணி நேரத்துக்கு மேல் லாரிப் புகைக்குள் இருக்க வேண்டும். சைக்கிளுக்கான விதி என்ன என்பதைச் சுரங்க வாயிலில் சொல்வதைவிட உதம்பூரிலேயே பலகை வைத்துச் சொல்லுங்கள். அங்கே தெரிந்தால், பட்னிடாப் வழியாக 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறும் பழைய சாலையில் போக ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளலாம். அந்தப் பழைய சாலையையும் கைவிட்டுவிடாதீர்கள்.

சுங்கச்சாவடிகளில் ஒரே ஒரு வேண்டுகோள். அறுபது கிலோமீட்டருக்கு ஒன்று என்றால், ஒரு நாள் பயணத்தில் ஒன்றிரண்டு வந்துவிடும். சைக்கிளில் போகிறவருக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் வேண்டும். குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் இடது ஓரத்திலிருந்தே, வாகன வரிசைகளைக் கடக்காமல் போகும்படி இருந்தால் பெண்கள் இருக்கும் குழுக்களுக்குப் பெரிய உதவி.

எங்கள் பக்கத்துக் கடமைகளையும் சொல்லிவிடுகிறோம். ஒற்றை வரிசை, இரண்டு சைக்கிள் நீள இடைவெளி, ஒரு குழுவுக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். பகலிலும் பின்விளக்கு எரிய வேண்டும். காதில் எதுவும் கூடாது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி மாலை ஐந்தரைக்குள் தங்குமிடம் சேர வேண்டும். ஆளுக்கு இரண்டு ட்யூப், குழுவுக்குப் பத்து ஒட்டுத்துண்டு, பின்சக்கரத்தின் இரண்டு பக்க அளவிலும் நான்கு நான்கு கம்பி, பல்சக்கரச் சாவி, இரண்டு செயின் இணைப்பு, பிரேக் கேபிள், கியர் கேபிள். பாரத்தோடு சரிவில் இறங்குகிறவர்கள் பிரேக்கை விடாமல் அழுத்தி ரிம்மைச் சூடாக்காமல், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. டிசம்பர், ஜனவரியில் பானிப்பட்டிலிருந்து லூதியானா வரை மூடுபனி சாலையை மறைக்கும். அதனால் பிப்ரவரி முதல் வாரத்தில் கன்னியாகுமரியிலிருந்து கிளம்புவது நல்லது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளைச் சாய்க்கும், அப்போது அந்தப் பக்கம் கிளம்பவே வேண்டாம்.

2022இல் நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். நெடும்பயணம் போகிறவர்கள் வாழ்க்கையில் ஒருமுறை இந்த ஓரத்தைக் கடக்கிறவர்கள். பால்காரரும், மில் தொழிலாளியும், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் தினம் இரண்டு முறை கடக்கிறார்கள். அவர்கள் மடல் எழுதுவதில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே, பெஞ்ச் காட்டில் புலியும் மானும் கடக்க இதே சாலையை ஒன்பது இடங்களில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். விலங்கு எந்த வழியில் நடக்கும் என்று பார்த்துச் சாலையை மாற்ற முடிந்தவர்களிடம், மனிதர் எந்த வழியில் மிதிக்கிறார் என்று பார்க்கச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல.

நீங்களே ஒரு காலை வாருங்கள். கோவில்பட்டியிலிருந்து மதுரைப் பக்கம் ஐம்பது கிலோமீட்டர். சைக்கிளும் பக்கப்பையும் நாங்கள் கொண்டுவருகிறோம், அதில் 15 கிலோ சுமையும் இருக்கும். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். பஞ்சர் ஆனால் ஒட்டித் தருகிறோம். டயரிலிருந்து எடுக்கும் கம்பியை மட்டும் நீங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள்.

இப்படிக்கு,
நெடுந்தூரச் சைக்கிள் பயணிகள்