எங்க அம்மா கவனமா தான் போட்டா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வார மருத்துவப் பக்கத்துல "பக்கவிளைவுகள் பலவும் நோயாளியின் கவனக்குறைவால் வருபவை"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. ரெண்டு நாளா மனசு ஆறல, அதான் எழுதுதேன்.

எங்க அம்மா மாத்திரைய ரொம்ப கவனமா தாங்க போட்டா, அதுதான் வினையே. மூட்டெல்லாம் வீங்கி வலிக்கிற முடக்குவாதத்துக்கு கேரளால ஆரியங்காவு தாண்டி ஒரு ஆஸ்பத்திரில காட்டுனோம், மெத்தோட்ரெக்சேட் ஏழரை மில்லிகிராம், எல்லாம் சீட்டுல இருக்குன்னு டாக்டர் மலையாளத்துல சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்பிட்டுட்டாரு, சீட்டுல மண்டேங்கறத இங்கிலீஷ்ல மூணே எழுத்துல கிறுக்கியிருந்தத இந்தப் பக்கம் மருந்துக்கடை பையன் மார்னிங்னு படிச்சு, கவர்ல "காலை 1"ன்னு எழுதி ஒரு சூரியன் படமும் போட்டுக் குடுத்துட்டான்.

11 நாள், ஒரு நாள் விடல. வாய் பூரா புண்ணு, கஞ்சி கூட எறங்கல. பக்கத்து கிளினிக்ல சூடுன்னு சொல்லி பி காம்ப்ளெக்ஸ் எழுதுனாங்க, நாங்களும் மோரும் இளநியுமா குடுத்தோம். காய்ச்சல் வந்து ரத்தம் பாத்தா வெள்ளணு 1,200, இருக்க வேண்டியது 4,000க்கு மேல. வாரத்துக்கு ஒண்ணு போடுறத தெனமும் போட்டிருக்கீங்கன்னு எங்களுக்கே திட்டு, அப்புறம் அந்த மருந்த முறிக்க லூகோவோரின் ஊசி, 9 நாள் பெட்டு. புத்துநோய்க்கும் குடுக்குற மருந்தாமே அந்த மெத்தோட்ரெக்சேட், ஒரு வார்த்த எங்ககிட்ட சொன்னாங்களா?

அதுக்கு முந்தி அப்பா. பிரஷருக்கு எனலாப்ரில் போட்டு ஆறு மாசம் வறட்டு இருமல், டிபியோன்னு மூணு தடவ சளி டெஸ்ட், வீட்டுல தனி தட்டு தனி டம்ளர். கடைசில லோசார்டான்னு வேற பிரஷர் மாத்திரைக்கு மாத்துனதும் மூணு வாரத்துல நின்னுச்சு. அந்த டம்ளர் இன்னும் அலமாரில இருக்கு, அப்பா தான் இல்ல. எனலாப்ரில் இருமல் உங்களுக்கு தெரியாததா?

எங்க செங்கோட்டைப் பக்கமும் 1956 வரைக்கும் மலையாளப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சில தான் இருந்துச்சு, அப்போ சீட்டும் கடையும் ஒரே பக்கம் இருந்திருக்கும், விடுங்க.

அதே பக்கத்துல மெத்தோட்ரெக்சேட் பேர போட்ட நீங்க "வாரம் ஒரு முறை"ன்னு மட்டும் போடல. மூட்டுவலி எண்ணெய் விளம்பரத்துக்கு கால் பக்கம் எடம் இருந்துச்சு, சந்தோஷம். அடுத்த இதழ்ல பெருசா ஒண்ணும் வேண்டாம், இந்த மாத்திரைய எந்தக் கிழமை போடணும்னு டாக்டர்கிட்ட முழுசா எழுதி வாங்குங்கன்னு ஒரு சின்ன கட்டம், எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா.

போன தடவ ரயில்வே கேட் பத்தி எழுதுனதுல பாதிய வெட்டிட்டீங்க. இதையும் வெட்டுறதா இருந்தா அந்தக் கிழமை விஷயத்த விட்டுட்டு மத்தத வெட்டிக்கோங்க.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர், புளியரை